பாதி அடித்தால் மீதி வரும்: டேப் விசையின் வரலாறு

கட்டளை வரியில் ஒரு பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால், கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலான ஷெல் எஞ்சியதைத் தானே எழுதிவிடுகிறது. லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலைத் திறந்து வேலை செய்பவர்கள் நாள் முழுக்கக் கைப்பழக்கமாகச் செய்யும் காரியம் இது. இந்த வசதிக்கு அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அது யுனிக்ஸில் பிறக்கவில்லை. தொடக்கத்தில் டேப் விசையில் இயங்கவும் இல்லை. ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்துக் கொடுக்க வேண்டுமானால், அந்த இடத்தில் என்னென்ன வரலாம் என்பது முடித்துக் கொடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு இயங்குதளத்திடம் இருக்க வேண்டுமா, ஷெல்லிடமா, இயங்கப்போகும் நிரலிடமா என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை கிடைத்தது. டேப் விசையின் வரலாற்றை நகர்த்தியது இந்தக் கேள்விதான்.

1960களில் கணினியோடு பேச உதவிய கருவி டெலிடைப். திரை கிடையாது; காகிதச் சுருளில் எழுத்துகள் அச்சாகும். பரவலாகப் புழங்கிய மாடல் 33 டெலிடைப்பின் வேகம் நொடிக்கு 10 எழுத்து. அதன் விசைகளும் கனமானவை. அப்படிப்பட்ட கருவியில் ஓர் எழுத்தைக் குறைத்தாலும் லாபம்தான். ஆனால் மீதியைக் கணினி நிரப்ப வேண்டுமென்றால், ஒவ்வொரு எழுத்தும் அடித்த கணமே கணினிக்குப் போய்ச் சேர வேண்டும். காகிதத்தில் அச்சாவதும் கணினி திருப்பி அனுப்பும் எழுத்தாக இருக்க வேண்டும். விசையைத் தட்டுவதும் அச்சாவதும் இப்படித் தனித்தனி வேலைகளாகப் பிரிந்திருந்தால்தான் பயனர் அடிக்காத எழுத்துகளைக் கணினி இடையில் சேர்க்க முடியும். ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியை இடைமறிக்கும் இந்த முறை செலவு பிடித்தது. அன்றைய பல இயங்குதளங்கள் முழு வரியும் வந்த பிறகே கவனித்தன.

எழுத்துக்கு எழுத்து கவனித்த இயங்குதளங்களில் ஒன்று, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எஸ்டிஎஸ் 940 கணினிக்காக உருவான நேரப்பகிர்வு அமைப்பு. கட்டளையின் முதல் எழுத்துகள் வேறு எந்தக் கட்டளைக்கும் பொருந்தாத நிலை வந்தவுடன், பயனர் கேட்காமலேயே அது மீதியை எழுதிவிடும். யோசனை நல்லதுதான், பழகியவர்களுக்கோ அது இடைஞ்சல். கணினி முந்திக்கொண்டு எழுதியதை அறியாமல் விரல்கள் தொடர்ந்து அடிக்கும். அந்த எழுத்துகள் அடுத்த சொல்லுக்குள் போய்விடும். புதிதாக ஒரு கட்டளை சேர்ந்தால் எத்தனையாவது எழுத்தில் நிரப்பல் நிகழும் என்பதும் மாறிவிடும். நிரப்பல் கேட்டால் மட்டுமே நடக்க வேண்டும் என்ற பாடம் இங்கேதான் கிடைத்தது.

அந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டது டெனெக்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த போல்ட், பெரானெக் அண்ட் நியூமன் (பிபிஎன்) நிறுவனம் பிடிபி-10 கணினிக்காக 1970ஆம் ஆண்டுவாக்கில் இயக்கத்துக்குக் கொண்டுவந்த இயங்குதளம் இது. டேனியல் பாப்ரோ, ஜெர்ரி பர்ச்ஃபீல், டான் மர்ஃபி, ரே டாம்லின்சன் ஆகிய நால்வரும் 1972இல் அதைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். கணினி வலையமைப்பில் முதல் மின்னஞ்சலை அனுப்பியவர் என்று பெயர்பெற்ற அதே டாம்லின்சன்தான் இவர். அந்த மின்னஞ்சல் போனதும் டெனெக்ஸ் கணினிகளுக்கு இடையேதான்.

டெனெக்ஸில் நிரப்பலைக் கேட்கும் விசை எஸ்கேப். ஒரு கட்டளையின் தொடக்கத்தை அடித்து எஸ்கேப்பைத் தட்டினால் மீதி அச்சாகும். ஒன்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் பொருந்தினால் மணி அடிக்கும். பயனர் இன்னும் ஓரிரு எழுத்து சேர்க்க வேண்டும். கேள்விக்குறியை அடித்தால், அந்த இடத்தில் வரக்கூடியவை எல்லாம் பட்டியலாக வரும். அதைவிட நயமான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. கோப்பைப் படியெடுக்கும் ‘காப்பி’ கட்டளையை அடித்து எஸ்கேப்பைத் தட்டினால், அடைப்புக்குறிக்குள் ‘ஃப்ரம்’ என்ற சொல்லைக் கணினி அச்சிடும். எந்தக் கோப்பிலிருந்து என்று கேட்கிறது என்பது பயனருக்குப் புரிந்துவிடும். கோப்பின் பெயரைத் தொடங்கி மறுபடி எஸ்கேப்பைத் தட்டினால், பெயர் முழுமையாகி, ‘டு’ என்ற சொல் அடைப்புக்குறிக்குள் வரும். இந்தச் சொற்களுக்குக் கட்டளையில் எந்த வேலையும் இல்லை. வழிகாட்டுவது மட்டுமே அவற்றின் பணி. விவரம் தெரிந்தவர் சுருக்கமாக அடித்துவிட்டுப் போகலாம்; புதியவர் எஸ்கேப்பையும் கேள்விக்குறியையும் பிடித்துக்கொண்டு கையேடு இல்லாமலே கட்டளையின் இறுதிவரை போகலாம். இரண்டு வகையினருக்கும் கட்டளை மொழி ஒன்றே. இதற்குப் பிறகு வந்த எத்தனையோ கட்டளை வரிகளில் இந்தக் கரிசனம் இல்லை.

டெனெக்ஸை டெக் என்று அழைக்கப்பட்ட டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் எடுத்துக்கொண்டது. மர்ஃபியும் 1973இல் அங்கே போனார். 1976இல் டாப்ஸ்-20 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. டாப்ஸ்-20 ஒரு முக்கியமான அடி எடுத்துவைத்தது: கட்டளையைப் படித்துப் பிரிக்கும் வேலை முழுவதையும் ‘காம்ண்ட்’ என்ற ஒற்றை சிஸ்டம் காலுக்குள் கொண்டுவந்தது. ஒரு நிரலை எழுதுபவர், இங்கே இந்தச் சொற்களில் ஒன்று வரலாம், அடுத்து ஒரு கோப்பின் பெயர், அதற்கடுத்து ஓர் எண் என்று வரிசையாக அறிவித்தால் போதும். எஸ்கேப்புக்கு நிரப்புவது, கேள்விக்குறிக்குப் பட்டியல் தருவது, தவறாக அடித்ததை அழிப்பது எல்லாவற்றையும் இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். கட்டளையின் இலக்கணம் ஒரே இடத்தில் எழுதப்பட்டது; நிரப்பலும் உதவியும் பிழைச் செய்தியும் அந்த ஒரே இலக்கணத்திலிருந்து பிறந்தன. ஆகவே டாப்ஸ்-20இல் எந்த நிரலுக்குள் போனாலும் அதே பழக்கம் செல்லுபடியாகும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் தொடங்கிய கெர்மிட் என்ற கோப்புப் பரிமாற்ற நிரல், பின்னர் எத்தனையோ வகைக் கணினிகளுக்குப் பரவியபோதும், தன் கட்டளை வரியில் இதே எஸ்கேப், கேள்விக்குறி மரபைக் கொண்டுபோனது.

யுனிக்ஸ் வேறு வழியில் வளர்ந்தது. பெல் ஆய்வகத்தில் 1969இல் தொடங்கிய அந்த இயங்குதளம் பிடிபி-10ஐவிட மிகச் சிறிய கணினிகளில் ஓட வேண்டியிருந்தது. டெலிடைப்பின் சிரமத்துக்கு அங்கே கண்ட தீர்வு, கட்டளைகளின் பெயர்களையே இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருக்குவது. பெயரே இரண்டு எழுத்து என்றால் நிரப்ப என்ன இருக்கிறது?

இன்னும் இரண்டு காரணங்கள் நிரப்பலுக்குத் தடையாக நின்றன. முதலாவது, வரியைத் திருத்தும் வேலை ஷெல்லிடம் இல்லை. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் டெர்மினல் டிரைவரிடம் இருந்தது. ஓர் எழுத்தை அழிக்க ஒரு குறி, முழு வரியையும் அழிக்க ஒரு குறி என்று டிரைவர் தன்னளவில் வரியைத் திருத்தி வைத்துக்கொண்டு, என்டர் விசை தட்டிய பிறகே அதை ஷெல்லிடம் ஒப்படைத்தது. வரி பாதியில் இருக்கும்போது ஷெல்லுக்கு அது தெரியவே தெரியாது. இரண்டாவது காரணம் ஆழமானது. யுனிக்ஸ் ஷெல், வரியைச் சொற்களாகப் பிரித்து நிரலிடம் கொடுப்பதோடு சரி; அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் என்பது அந்தந்த நிரலின் சொந்த விஷயம். இரண்டாவது சொல் கோப்பின் பெயரா, பயனரின் பெயரா, தேடவேண்டிய சொல்லா என்று ஷெல்லுக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் எந்த மொழியிலும் ஒரு கட்டளையை எழுதிச் சேர்த்துவிடலாம் என்ற யுனிக்ஸின் சுதந்திரம் இதிலிருந்துதான் வந்தது. டாப்ஸ்-20 இயங்குதளத்திடம் இருந்த இலக்கண அறிவு யுனிக்ஸில் எங்குமே ஓரிடத்தில் இல்லாமல் போனதும் இதனால்தான். அதற்குப் பிந்தைய நிரப்பல் வரலாறு முழுவதும் அந்த அறிவைத் துண்டு துண்டாக மீட்டெடுக்கும் முயற்சி.

முதல் துண்டு கோப்புகளின் பெயர்கள். நிரலின் இலக்கணம் தெரியாவிட்டாலும், கோப்புறையில் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று ஷெல் படித்துப் பார்க்க முடியும். யுனிக்ஸ் கட்டளைகளில் அதிகம் வருவதும் கோப்புப் பெயர்களே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கென் கிரியர் டெனெக்ஸ் பாணியில் கோப்புப் பெயரை நிரப்பும் நிரலை 1975 செப்டம்பரில் எழுதத் தொடங்கினார். பில் ஜாய் பெர்க்லியில் எழுதிய சி ஷெல்லோடு 1981 டிசம்பரில் அதை இணைத்தார். ஃபேர்சைல்டு நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் இருந்த மைக் எல்லிஸ், கட்டளைகளின் பெயர்களையும் நிரப்பும் வசதியை 1983 செப்டம்பரில் சேர்த்தார். அடுத்த மாதம் 3ஆம் தேதி கிரியர் மூல நிரலை யூஸ்நெட்டில் வெளியிட்டார். டிசிஷெல் என்று இன்றும் வழங்கும் அந்த ஷெல்லின் பெயரில் முன்னால் நிற்கும் ‘டி’ டெனெக்ஸைக் குறிக்கிறது. பிடிபி-10 வரிசைக்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த ஜூபிட்டர் கணினியை டெக் கைவிட்டதும் அதே 1983இல்தான். டாப்ஸ்-20இன் எதிர்காலம் முடிந்த ஆண்டிலேயே அதன் சிறந்த பழக்கம் யுனிக்ஸுக்குக் கைமாறியது.

டிரைவர் வரியைப் பிடித்துவைத்திருக்கும் சிக்கலை பெர்க்லி சி ஷெல் தாண்டிய விதம் அருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. என்டரைப் போலவே எஸ்கேப்பும் ஒரு வரி முடிவு என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கப்படும். பயனர் பாதிப் பெயரில் எஸ்கேப்பைத் தட்டியதும், வரி முடிந்துவிட்டதாக நினைத்து டிரைவர் அதை ஷெல்லிடம் கொடுத்துவிடும். ஷெல் கோப்புறையைப் படித்து மீதி எழுத்துகளைக் கண்டுபிடிக்கும். ஆனால் வரி இப்போது டிரைவரின் கையை விட்டுப் போய்விட்டது. பயனர் பின்னோக்கிச் சென்று எழுத்தை அழிக்க முடியாது. எனவே டிஐஓசிஎஸ்டிஐ என்ற அழைப்பின் மூலம், பழைய எழுத்துகளையும் புதிதாகச் சேர்த்தவற்றையும் ஒவ்வொன்றாக உள்ளீட்டு வரிசைக்குள்ளேயே ஷெல் திருப்பித் தள்ளும். திரையில் இரண்டாம் முறை தெரியாதபடி அந்த நேரத்துக்கு எதிரொலிப்பு நிறுத்திவைக்கப்படும். முழுப் பெயரையும் பயனரே விசைப்பலகையில் அடித்தார் என்று டிரைவர் நம்பிக்கொள்ளும். கெர்னலை மாற்றாமல், அது தந்த இரண்டு சிறு வசதிகளைக் கொண்டே இதைச் சாதித்தார்கள். வேறு நிரல் ஒன்று பயனரின் டெர்மினலுக்குள் கட்டளைகளைத் திணிக்கவும் அதே அழைப்பு இடம்கொடுத்ததால், ஓபன்பிஎஸ்டி 2017இல் அதை நீக்கிவிட்டது. 2023இல் வந்த லினக்ஸ் 6.2இல் அதை முடக்கிவைக்கும் வழி சேர்ந்தது.

பின்னால் வந்த ஷெல்கள் இந்தச் சுற்றுவழியை விட்டன. வரியைத் திருத்தும் பொறுப்பை டிரைவரிடமிருந்து வாங்கித் தாங்களே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விசையையும் நேரடியாகப் படித்தன. பெல் ஆய்வகத்தின் டேவிட் கார்ன் 1983இல் அறிவித்த கார்ன் ஷெல்லில் ஈமாக்ஸ், விஐ ஆகிய இரு எடிட்டர்களின் பாணியிலும் வரியைத் திருத்தலாம். இந்த மாற்றத்தோடு எஸ்கேப் விசைக்கு வேறு வேலைகள் குவிந்தன. திரை டெர்மினல்களில் அம்புக்குறி விசையைத் தட்டினால் கணினிக்குப் போவது எஸ்கேப்பில் தொடங்கும் எழுத்துத் தொடர். ஈமாக்ஸ் பாணியில் பல கட்டளைகளுக்கு முன்னொட்டும் எஸ்கேப்தான். கட்டளை வரியில் டேப் விசைக்கோ அவ்வளவாக வேலை இல்லை. ஈமாக்ஸில் பெயர்களை நிரப்பும் விசையாகவும் அது பழகியிருந்தது. குனூ திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளியான பேஷ் ஷெல்லும், அதன் வரித் திருத்தப் பகுதியான ரீட்லைன் நிரலகமும் டேப்பையே நிரப்பல் விசையாக வைத்தன. பின்னர் இரண்டையும் செட் ரேமி ஏற்றுப் பராமரித்தார். ரீட்லைனை வேறு நிரல்களும் எடுத்துப் பயன்படுத்த முடிந்ததால் டேப் பழக்கம் ஷெல்லுக்கு வெளியேயும் பரவியது.

ரீட்லைனில் டேப்பைத் தட்டும்போது நடப்பது இது. முதலில், கர்சருக்கு இடப்பக்கம் உள்ள வரியிலிருந்து நிரப்ப வேண்டிய சொல் பிரித்தெடுக்கப்படுகிறது. இடைவெளி, மேற்கோள் குறி, குழாய்க் குறி போன்றவை சொல்லின் எல்லைகள். அடுத்து, அந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பேஷ் பார்க்கிறது. கட்டளை வரவேண்டிய இடம் என்றால் உள்ளமைந்த கட்டளைகள், புனைபெயர்கள், பாத் மாறியில் உள்ள கோப்புறைகளின் நிரல்கள் ஆகியவற்றில் தேடுகிறது. டாலர் குறியில் தொடங்கினால் மாறிகள், அலைக்கோட்டில் தொடங்கினால் பயனர்கள், மற்றபடி கோப்புகள். பொருந்துபவற்றைத் திரட்டி, அவை எல்லாவற்றுக்கும் பொதுவான மிக நீளமான தொடக்கத்தைக் கணக்கிட்டு அதை வரியில் எழுதுகிறது. ஒன்றே ஒன்று பொருந்தினால் பெயர் முடிந்து ஓர் இடைவெளி சேரும். கோப்புறை என்றால் சாய்கோடு. பெயருக்குள் இடைவெளி இருந்தால், அது இரு சொல்லாகப் பிரிந்துவிடாதபடி பின்சாய்கோடும் சேரும். பல பொருந்தினால் பொதுப் பகுதியோடு நின்று மணி அடிக்கும். இரண்டாம் முறை தட்டினால் பட்டியல் வரும். பட்டியல் 100ஐ எட்டினால், காட்டலாமா என்று முதலில் கேட்கும்.

பொதுத் தொடக்கம் என்ற கணக்கு ஆங்கிலத்தில் எளிது. தமிழ்ப் பெயர்களில் அதன் உள்வேலை வெளியே தெரியும். ஒரு கோப்புறையில் ‘அறிக்கை_மார்ச்’, ‘அறிக்கை_மே’ என்று இரு கோப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ‘அ’ என்று அடித்து டேப்பைத் தட்டினால், வரியில் வருவது ‘அறிக்கை_ம’. தமிழ் வாசகருக்கு ‘மா’வும் ‘மே’யும் தனித்தனி எழுத்துகள்; பொதுப் பகுதி அடிக்கோட்டோடு முடிகிறது. யுனிகோடில் அவை ‘ம’வும் அதைத் தொடரும் துணைக்குறியுமாக இரண்டிரண்டு குறியீடுகள். ‘ம’ வரை ஒன்றுதான் என்பது ஷெல்லின் கணக்கு. பயனர் அடுத்து அடிக்க வேண்டியது துணைக்குறியை மட்டுமே. யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். எல்லாத் தமிழ்க் குறியீடுகளுக்கும் முதல் பைட் ஒன்றே, உயிரும் மெய்வரிசை முழுவதும் இரண்டாவது பைட்டிலும் ஒத்துப்போகும். பைட் பைட்டாக ஒப்பிடும் நிரல், ‘அகம்’, ‘புறம்’ என்ற தொடர்பே இல்லாத இரு பெயர்களுக்கும் இரண்டு பைட் பொதுவானது என்று முடிவுகட்டி, எந்த எழுத்தும் ஆகாத அரைகுறைத் துண்டை வரியில் எழுதிவிடும். 2002இல் வந்த ரீட்லைன் 4.3 பதிப்பு பல பைட் எழுத்துகளை அறிந்துகொண்ட பிறகே ஒப்பீடு குறியீட்டு அளவுக்கு உயர்ந்தது.

கோப்பின் பெயரும் கட்டளையின் பெயரும் ஷெல்லுக்கு எட்டிவிட்டன. நிரலின் உள்ளே இருக்கும் இலக்கணத்தை எட்டுவது எப்படி? யாராவது கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். டிசிஷெல்லில் இதற்கென்றே ‘கம்ப்ளீட்’ என்ற கட்டளை சேர்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பால் ஃபால்ஸ்டாட் 1990இல் வெளியிட்ட இசட்ஷெல், இந்த வழியில் மற்ற எல்லாவற்றையும்விட வெகுதூரம் போனது. ஸ்வென் விஷ்னோவ்ஸ்கி அதற்கு எழுதிய புதிய நிரப்பல் அமைப்பு, ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் அருகில் ஒரு வரி விளக்கத்தையும் காட்டியது. 2000இல் பேஷ் 2.04 பதிப்பிலும் நிரலெழுதி நிரப்பும் வசதி வந்தது. அதே ஆண்டு இயன் மெக்டொனால்டு தொடங்கிய பேஷ்-கம்ப்ளீஷன் திட்டம் நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கான சிறு நிரல்களைத் திரட்டி, லினக்ஸ் பயனர்களின் கையில் கொண்டுவந்து சேர்த்தது.

பேஷில் அந்த ஏற்பாடு எளிமையானது. ஒரு கட்டளைக்கு இந்தச் செயற்கூறு என்று பதிந்துவைத்தால், டேப் தட்டும்போது பேஷ் அதை அழைக்கும். வரியின் சொற்கள் ஓர் அடுக்கிலும், கர்சர் எத்தனையாவது சொல்லில் நிற்கிறது என்பது ஒரு மாறியிலும் கிடைக்கும். செயற்கூறு தன் விடைகளை இன்னோர் அடுக்கில் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ‘கிட்’ கட்டளைக்கு ஷான் பியர்ஸ் 2006இல் எழுதத் தொடங்கிய நிரப்பல் நிரலை எடுத்துக்கொண்டால், ‘செக்கவுட்’ என்ற துணைக்கட்டளைக்குப் பிறகு டேப் தட்டியதும் அது கிட்டையே பின்னணியில் ஓட்டி, கிளைகளின் பெயர்களைக் கேட்டு வாங்கித் தருகிறது. ஷெல்லுக்குத் தெரியாததை, தெரிந்த நிரலிடமே விசாரித்துச் சொல்லும் இடைத்தரகர் இந்தச் செயற்கூறு.

இந்த முறையின் குறை, ஒரே இலக்கணம் இரண்டு இடங்களில் இருப்பது. நிரலில் புதிய விருப்பத்தேர்வு ஒன்று சேரும். நிரப்பல் நிரலை வேறொருவர் எழுதியிருப்பார், அது பின்தங்கிவிடும். இதற்கு இரண்டு வழிகளில் தீர்வு தேடினார்கள். ஆக்சல் லில்யென்க்ராண்ட்ஸ் 2005இல் வெளியிட்ட ஃபிஷ் ஷெல், பின்னாளில் கட்டளைகளின் கையேடான மேன் பக்கங்களைப் படித்து அவற்றில் விவரிக்கப்பட்ட விருப்பத்தேர்வுகளிலிருந்து நிரப்பலைத் தானே தயாரிக்கும் கருவியைச் சேர்த்துக்கொண்டது. இதே ஷெல்தான் பயனர் முன்பு அடித்த கட்டளைகளைப் பார்த்து, டேப் தட்டும் முன்பே மீதியை மங்கலான எழுத்தில் காட்டும் பழக்கத்தையும் பரப்பியது. கேளாமலே முந்திக்கொண்டாலும், ஏற்றால் மட்டுமே வரியில் சேரும் என்பதால் எஸ்டிஎஸ் 940இல் நேர்ந்த குழப்பம் இதில் இல்லை. இரண்டாவது வழி, நிரலே பதில் சொல்வது. கோ மொழியில் கட்டளை வரி நிரல்கள் எழுதப் பயன்படும் கோப்ரா நிரலகத்தில், விருப்பத்தேர்வுகளை நிரலாளர் ஒருமுறை அறிவித்தால் போதும். நிரப்பலுக்கென மறைவான ஒரு துணைக்கட்டளை தானாகவே உருவாகிவிடும். டேப் தட்டியதும் பாதி வரியோடு ஷெல் அதை அழைக்கிறது. நிரல் பதில் தருகிறது. குபர்நெட்டிஸின் ‘கியூப்கண்ட்ரோல்’ கட்டளைக்கு நிரப்பல் கிடைப்பது இப்படித்தான். காம்ண்ட் அழைப்பில் இருந்த ஒற்றை இலக்கணம், இயங்குதளத்துக்குப் பதிலாக ஒவ்வொரு நிரலின் உள்ளேயும் இப்போது அமைந்திருக்கிறது.

இப்படி வளர்ந்ததில் நிரப்பல் விசையின் தன்மையே மாறியது. கிரியரின் காலத்தில் அதைத் தட்டினால் ஷெல் ஒரு கோப்புறையைப் படிக்கும், அவ்வளவுதான். இன்று அது வேறு நிரல்களை ஓட்டுகிறது. சில சமயம் வலையமைப்பின் மறுமுனையில் உள்ள கணினியில் கோப்புகளைத் தேடுகிறது. மறுமுனை மெதுவாக இருந்தால் ஒற்றை டேப்புக்காக டெர்மினல் உறைந்து நிற்கும். ‘மேக்’ கட்டளைக்கு பேஷ்-கம்ப்ளீஷன் தரும் நிரப்பல், இலக்குகளின் பெயர்களை அறிய மேக் நிரலையே ஓட்டிப் பார்க்கிறது. எதையும் கட்டமைக்காதே என்று சொல்லித்தான் ஓட்டுகிறது. ஆனாலும் மேக்ஃபைலைப் படிக்கும்போதே அதில் பொதிந்துள்ள சில ஷெல் கட்டளைகள் இயங்கிவிடும். யாரோ கொடுத்த மேக்ஃபைல் உள்ள கோப்புறையில், என்டரைத் தொடாமல் டேப்பைத் தட்டினாலே அந்த யாரோ எழுதிய கட்டளை ஓடக்கூடும்.